எட்டம்மா பார்த்த நல்ல நாள்

ஒரு காட்டில், கிழக்கே பார்த்த வாசலோடு ஒரு குகை இருந்தது. சின்னக் குகைதான். ஆனால் எத்தனை மழை அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டு ஒழுகாது. அந்தக் காட்டிலேயே ஒழுகாத வீடு அது ஒன்றுதான்.

அதில் ஒரு முள்ளம்பன்றியும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். அவன் பெயர் நல்லதம்பி. அவள் பெயர் செவந்தி.

நல்லதம்பியிடம் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. நாள் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான் உண்டு. கிழங்கு தோண்டப் போக நாள் பார்ப்பான். தோண்டின கிழங்கைத் தின்னவும் நாள் பார்ப்பான். ஒரு தடவை முதுகு அரித்தது. நல்ல நேரம் வரட்டும், சொறிந்துகொள்ளலாம் என்று அரை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்ல நேரம் வந்தபோது அரிப்பே போய்விட்டது.

"பார்த்தாயா, நேரம் பார்த்ததன் பலனை" என்றான் செவந்தியிடம்.

செவந்தி தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். அவள் பிள்ளைத்தாய்ச்சி. மழை பிடிக்கிற சமயத்தில் குட்டி பிறந்துவிடும். குட்டி நனையாமல் வளர ஒரு வீடு இருக்கிறதே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி.

ஒரு நாள் காலையில் வாசல் மூலையில் மெல்லிசாக ஒரு நூல் மின்னியது.

"என்னங்க, வாசலில் நூலாம்படை. திரும்பி நின்று முதுகை ஒரு சிலுப்புச் சிலுப்புங்கள், போய்விடும்" என்றாள் செவந்தி.

அவள் சொன்னது சரிதான். மற்றவர்கள் ஒட்டடை அடிக்கக் கம்பு தேட வேண்டும். முள்ளம்பன்றிக்கு அது பிறக்கும்போதே முதுகில் முளைத்திருக்கிறது. நல்லதம்பி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று முட்களைத் தூக்கினான்.

மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"தம்பி, இன்றைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்" என்றான் நல்லதம்பி, தூக்கிய முள்ளோடு.

"செவ்வாயும் வெள்ளியும் ஒட்டடை அடிக்கிற வீடு உருப்பட்டு நீ பார்த்திருக்கிறாயா?"

நல்லதம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆமாம், செவ்வாய் வெள்ளியில் ஒட்டடை அடிக்கக் கூடாது. எப்படி மறந்தான்? தூக்கிய முட்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தான். ஒரு சிலந்தி. தலையில் மிளகு மிளகாக எட்டுக் கண்கள்.

"அம்மா, நீங்கள் யார்?"

"எட்டம்மா. திசைக்கு ஒரு கண். எனக்கு எட்டாதது ஒன்றும் இல்லை, அதனால் அந்தப் பெயர்."

"வட்டமாக, கோடு கோடாக ஏதோ போட்டிருக்கிறீர்களே?"

"ஜாதகச் சக்கரம் தம்பி. எந்தக் கிரகம் எங்கே வந்து நிற்கிறது என்று இதில்தான் பார்ப்பேன்."

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ பறந்துவந்து அதில் ஒட்டிக்கொண்டது.

"இதோ, ஒன்று வந்து நின்றுவிட்டது" என்று எட்டம்மா ஓடிப்போய் அதை விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "உன்னைப் பிடித்திருந்த தோஷம் கழிந்தது" என்றாள்.

நல்லதம்பி இரண்டு கையையும் கூப்பிவிட்டான்.

மறுநாள் புதன். செவந்தி நினைவூட்டினாள். எட்டம்மா அஷ்டமி என்றாள். வியாழன் நவமி. வெள்ளி எப்படியும் ஆகாது. சனிக்கிழமை கலைத்தால் சனி பிடிக்குமாம். ஞாயிறு கரிநாள். திங்கட்கிழமை ஒரு தடையும் இல்லையே என்று செவந்தி முந்திக்கொண்டு சொன்னாள். அன்று காலையில்தான் அவளுடைய தம்பி வந்து பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தான். ஊருக்குப் போனவன் போய்ச் சேருவதற்குள் வீட்டைத் தட்டிப் பெருக்கலாமா, கூடப் பிறந்தவன் மேல் இதுதான் பாசமா என்று கேட்டாள் எட்டம்மா. அவன் போய்ச் சேர்ந்தபோது மறுபடி செவ்வாய் வந்துவிட்டது.

இப்படியே வாரங்கள் போயின. நாள் மட்டும் அல்ல, எட்டம்மா யோசனையும் சொல்ல ஆரம்பித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிறகு குப்பையை வெளியே தள்ளினால் லட்சுமியும் கூடப் போய்விடுவாள் என்றாள். நல்லதம்பி மாலையில்தான் பலாச்சுளை தின்பான். சக்கையெல்லாம் உள்ளேயே குவிந்தது. ஈக்கள் வந்தன. ஈ வந்தால் லட்சுமி வந்த மாதிரி என்று எட்டம்மா இரண்டு சுற்றுப் பருத்தாள்.

காய்ந்த சுள்ளிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் செல்வம் ஒட்டும் என்றாள். அடுக்கினான். சுள்ளிக்குப் பின்னால் எட்டம்மா இன்னும் நாலு சக்கரம் போட்டாள்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு பல்லி வெகுகாலமாக இருந்தது. தெற்கிலிருந்து பல்லி சொன்னால் வீட்டுக்கு ஆகாது, அதை அனுப்பிவிடு என்றாள். நல்லதம்பி பல்லியிடம் பணிவாக விஷயத்தைச் சொல்லி அனுப்பிவைத்தான். பல்லி சண்டை போடவில்லை. போகிறபோது எட்டம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, ஒரு தடவை நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போனது.

கடைசியாக, இந்த மாதம் முழுக்கக் கிழக்கே சூலம், யாரும் முன்வாசல் வழியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வாசல் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை நூலால் அடைத்தாள்.

குகையின் பின்பக்கம் ஒரு வெடிப்பு இருந்தது. நல்லதம்பி அதன் வழியாகப் போய்வந்தான். போகும்போது நாலு முள் உதிரும், வரும்போது நாலு உதிரும். வயிறு பெருத்துவிட்ட செவந்தியோ நுழைந்து வெளியே வருவதற்குள் பாதி உயிர் போய்த் திரும்பும்.

"நானே அந்த நூலை இழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றாள் ஒரு நாள்.

நல்லதம்பி பதறிப்போனான். பிள்ளைத்தாய்ச்சி நூலை அறுத்தால் பிறக்கிற குட்டிக்கு ஒரு முள்கூட முளைக்காது என்று எட்டம்மா அவனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். அவன் செவந்தியின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"என் மேல் சத்தியம் பண்ணு. எட்டம்மா வாயால் நல்ல நாள் என்று வருகிறவரை நூலைத் தொடமாட்டேன் என்று சொல்லு."

அவன் கண்ணில் நீர் நின்றது. செவந்திக்குக் கோபம் பாதி, பாவம் பாதி. சத்தியம் செய்து கொடுத்தாள். ஆனால் என்ன சொல்லிச் சத்தியம் செய்தோம் என்பதை ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை மாலை செவந்தி கூரையில் ஒன்றைக் கவனித்தாள். வெள்ளையாக, இலந்தைப் பழம் அளவில் ஒரு பொட்டலம்.

"அது என்ன?"

"பஞ்சாங்கம் தாயி. தூசி படாமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்" என்றாள் எட்டம்மா.

செவந்தி தலையாட்டினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சாங்கம் லேசாக நெளிந்தது. உள்ளேயிருந்து ஊசிமுனை போல ஒரு கால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

செவந்திக்குப் புரிந்துவிட்டது. ஓர் எட்டம்மாவுக்கே வாசல் போயிற்று. இது வெடித்தால் முந்நூறு எட்டம்மா.

அந்த நேரத்தில் வெளியே மைனா ஒன்று மரத்துக்கு மரம் கத்திக்கொண்டு போனது. கொம்பையா நாளைக் காலையில் வீடு பார்க்க வருகிறாராம்.

கொம்பையா என்பது அந்தக் காட்டின் மூத்த யானை. மழை பிடிப்பதற்கு முன்னால் வருடத்துக்கு ஒரு தடவை எல்லா வீட்டையும் சுற்றிப் பார்ப்பார். வாசலில் நூலாம்படை மூடிய வீடு ஆளில்லாத வீடு. அதை வீடில்லாத யாருக்காவது கொடுத்துவிடுவார். அதுதான் அந்தக் காட்டுச் சட்டம்.

செவந்தி ஓடிப்போய் நல்லதம்பியிடம் சொன்னாள். இப்போதே ஒரு சிலுப்பு, எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

"விளக்கு வைக்கிற நேரமாச்சே" என்றான் நல்லதம்பி.

"நாளைக் காலையில்?"

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் வெள்ளிக்கிழமை.

விடிந்தது. கொம்பையா வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் உடும்பு மூட்டையும் முடிச்சுமாக வந்தது.

கொம்பையா வாசலைப் பார்த்தார். நூல் அடை அடையாகத் தொங்கியது.

"இந்த வீட்டில் ஆளில்லை போலிருக்கிறதே" என்றார்.

"நான்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேனே ஐயா, பாழ் வீடு" என்று உடும்பு ஒரு காலை எடுத்து வாசற்படிமேல் வைத்தது.

உடும்பு ஓர் இடத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளேயிருந்த செவந்திக்கும் தெரியும்.

"இருக்கிறோம் ஐயா, உள்ளேதான் இருக்கிறோம்" என்று நல்லதம்பி குரல் கொடுத்தான்.

"இருந்தால் வெளியே வாயேன்."

நல்லதம்பி வாசல்வரை வந்தான். நூலுக்கு அந்தப் பக்கம் யானை, இந்தப் பக்கம் அவன். "கிழக்கே சூலம் ஐயா" என்றான் பரிதாபமாக.

எட்டம்மா நூலைப் பிடித்துச் சர்ரென்று இறங்கி நடுவில் தொங்கினாள்.

"வணக்கம் ஐயா. வீடு என்னுடையது. இவர்கள் பின்பக்கமாகப் புகுந்து போகிற ஒண்டுக் குடித்தனம். வாசலில் யார் கை பட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். உடும்பு வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ஒட்டடை அடிக்கிற ஆள் இல்லை."

தோஷம் கழித்த வாயா இப்படிப் பேசுகிறது என்று நல்லதம்பி நம்ப முடியாமல் பார்த்தான்.

கொம்பையா யோசித்தார். பக்கத்திலிருந்த மூங்கிலில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டார். "நான் இதைத் தின்று முடிக்கிறவரை நேரம். அதற்குள் இந்த வாசல் வழியாக யார் வெளியே வருகிறார்களோ, அவர்கள் குடியிருக்கிறார்கள். யாரும் வரவில்லையென்றால் வீடு உடும்புக்கு" என்றார்.

மூங்கில் நறநறவென்று குறைந்துகொண்டு வந்தது.

செவந்தி முன்னால் வந்தாள். எட்டம்மாவைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டாள்.

"எட்டம்மா, ஒட்டடை அடிக்க நாள் கேட்டு வரவில்லை."

"கேட்டாலும் கிடையாது. பின்னே என்ன?"

"இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தாயிற்று. மூட்டை முடிச்சோடு, பிள்ளை குட்டியோடு வீடு மாற இன்றைக்கு நாள் எப்படி?"

எட்டம்மாவின் எட்டுக் கண்ணும் ஒரே நேரத்தில் பளபளத்தன. போகிறார்கள். தாங்களாகவே போகிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்றைக்கா? தாயி, இதுபோல ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். வீடு மாற இதைவிட நல்ல நாள் கிடையாது."

"சூலம்?"

"வீடு மாறுகிறவர்களைச் சூலம் ஒன்றும் செய்யாது."

"வழியில் நூல் குறுக்கே இருக்கிறதே."

"அறுத்துக்கொண்டு போகலாம். இந்த நாழிகையில் நூல் அறுந்தால் வழி விட்டது என்று அர்த்தம். யார் அறுத்தாலும் தோஷம் இல்லை."

"பிள்ளைகள்?"

"முதலில் பிள்ளைகளைத்தான் தூக்க வேண்டும்."

"கொஞ்சம் பொறுத்துப் போனால்?"

"பொறுத்தால் கெட்டது. இருக்கிற வீடே தலையில் விழும்" என்றாள் எட்டம்மா, அவசரமாக.

செவந்தி யானையைப் பார்த்தாள். "ஐயா, கேட்டீர்களா?"

"என் காது என்ன சின்னக் காதா? எல்லாம் கேட்டது" என்றார் கொம்பையா. மூங்கிலில் இன்னும் ஒரு கணுதான் மிச்சம் இருந்தது.

செவந்தி கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, எட்டம்மா வாயாலேயே நல்ல நாள் வந்துவிட்டது. கிளம்பச் சொல்லுங்கள்."

"யாரை?" என்றான் நல்லதம்பி.

"எட்டம்மாவைத்தான்."

நல்லதம்பி கண்ணைக் கொட்டினான். அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒன்று மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிற நல்ல நாளை ஒருவன் கைநழுவவிட்டால் அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

அவன் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். முட்கள் சலசலவென்று எழுந்தன.

"தம்பி, தம்பி, நான் சொன்னது உங்களுக்கு" என்று கத்தினாள் எட்டம்மா.

"நாளுக்கு ஆள் தெரியுமா அம்மா?" என்றாள் செவந்தி.

நல்லதம்பி ஒரு சிலுப்புச் சிலுப்பினான். இத்தனை வாரம் அடக்கிவைத்த சிலுப்பு. வாசல் நூல், மூலை நூல், சுள்ளிக்குப் பின்னால் இருந்த நூல் எல்லாம் சுற்றிச் சுற்றி அவன் முட்களில் ஏறிக்கொண்டன. பார்க்கப் பஞ்சுமிட்டாய் விற்கிறவன் போல இருந்தான். அந்தப் பஞ்சுமிட்டாயின் உச்சியில் எட்டம்மா எட்டுக் காலும் சிக்கி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பிள்ளைகளைத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள் அல்லவா? செவந்தி பஞ்சாங்கத்தை ஓர் அரச இலையில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் முன்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். கொம்பையா கடைசிக் கணுவை விழுங்கினார்.

"வீடு முள்ளம்பன்றிக்கு" என்றார். பிறகு உடும்பைப் பார்த்தார். "காலை எடு."

"உடும்பு பிடித்தால் விடாதே ஐயா" என்றது அது.

"நான் மிதித்தால் எடுக்கக் காலே இருக்காதே."

உடும்பு விட்டுவிட்டது. கரையான் புற்றுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரு வளையைக் கொம்பையா அதற்குக் காட்டினார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

எட்டம்மாவையும் பஞ்சாங்கத்தையும் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காரைப் புதரில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கொசுவுக்குப் பஞ்சமில்லை. அவள் போடுகிற சக்கரத்தால் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வருகிற மான்களுக்குக் கொசுக்கடி குறைந்தது. அதனால் அங்கே அவளுக்கு நல்ல மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் செவந்தி உட்காரவில்லை. பலாச் சக்கையெல்லாம் வெளியே போய்க் குழியில் விழுந்தது. சுள்ளிக் கட்டு சுவரைவிட்டுத் தள்ளி, வெளியே ஒரு பாறைமேல் ஏறியது. பின்பக்க வெடிப்பை நல்லதம்பி சேறு குழைத்துப் பூசினான். நல்ல நேரம் பார்த்துப் பூசலாமா என்று ஒரு முறை கேட்டான். செவந்தி பார்த்த பார்வையில் பூசிக்கொண்டே இருந்தான்.

பல்லியைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். அது சுவரில் ஏறி, தெற்குப் பக்கமாகவே போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே மூன்று தடவை சொல்லியது.

சேறு காய்ந்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. அந்த மழைக்கு நடுவில் செவந்திக்குக் குட்டி பிறந்தது. உடம்பெல்லாம் மெத்து மெத்தென்று சின்ன முட்கள். மேலே ஒரு சொட்டு ஈரம் படவில்லை. நல்லதம்பி குட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், என்ன நட்சத்திரம் என்று பார்க்க மறந்துபோனான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் வாசலில் திரும்பி நின்று முதுகை ஒரு சிலுப்புச் சிலுப்புவது அவன் வழக்கமாகிவிட்டது. செவ்வாய் என்றும் பார்ப்பதில்லை, வெள்ளி என்றும் பார்ப்பதில்லை.

ஒரு நாள் அப்படித் திரும்பி நின்றபோது வாசல் மூலையில் மெல்லிசாக ஒரு நூல் மின்னியது. காற்றில் மிதந்து வந்த ஒரு குட்டிச் சிலந்தி, கடுகு அளவுதான் இருக்கும், நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. தலையில் எட்டுக் கண்கள்.

"மாமா, இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றது அது.

"தெரியும் கண்ணு" என்று நல்லதம்பி முட்களைத் தூக்கினான். "வீடு மாற ரொம்ப நல்ல நாள்."

நீதி: ஒட்டடை அடிக்க நாள் பார்க்காதே, பார்த்தே தீர வேண்டும் என்றாலும் சிலந்தியிடம் பார்க்காதே.